சங்கிலியை அளந்து பாருங்கள்!

உங்கள் வீட்டுக் கொல்லையில் நாய் கட்டியிருக்கிறதா? "நம் வீடு, நம் நாய், கேட்பார் யார்?" என்கிறீர்களா? கேட்கச் சட்டம் இருக்கிறது! கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் வாதாடியதன் பலனாக 1960-ல் பிறந்த மிருகவதைத் தடைச் சட்டம் அது.

மிகக் குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். போதிய தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் தராததும் குற்றம். சதா கட்டியே கிடக்கும் நாயை உலாவ விடாவிட்டால், அதுவும் குற்றமே!

முதல் தடவைக்குச் சட்டம் விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். 3 ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 3 மாதம் வரை சிறையும் உண்டு. ஐம்பது ரூபாய் இன்று நமக்குப் பெரிதல்ல. ஆனால், இரவெல்லாம் நமக்காக விழித்திருக்கும் அந்த ஜீவனுக்கு, மாலையில் ஒரு நடை எவ்வளவு பெரிது!