கோலப் பக்கமும் ஜக்கார்டு அட்டையும்

முன்னாளில் மாதர் இதழ்கள் கோலம் வெளியிட்டால், ‘15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி’ என்று கணக்கையும் சேர்த்து அச்சிட்டன. பின்னர் வண்ண அச்சு வந்து படம் பெரிதாயிற்று. 2020-இல் ‘மங்கையர் மலர்’ அச்சை விட்டு இணையத்துக்குச் சென்றது. இன்று கைப்பேசியில் ஓடி மறையும் கோலங்கள் பலவற்றில் கணக்கே இல்லை.

நெசவாளருக்கு இது நஷ்டமே. ஜக்கார்டு அட்டை குத்துமுன் உருவத்தைக் கட்டத்தாளில் எண்ணி வரைதல் வேண்டும். புள்ளிக் கணக்கிருப்பின் கட்டம் பிரிப்பது எளிது. வெறும் படமாயின் ஒவ்வொரு வளைவையும் நாமே அளந்து பிரிக்க நேரும். நாளும் கூலியும் கூடும்.

ஆகவே ஜெயங்கொண்டம் பகுதி நெசவாளரும் பெரம்பலூர்ப் பகுதி விவசாயிகளுமான அங்கத்தினர்கள், பரணிலுள்ள பழைய இதழ்களை எடைக்குப் போடுமுன், கணக்குள்ள பக்கங்களைக் கத்தரித்துத் தத்தம் சங்கத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.