ஆறாத புண்ணும் கிடைக்காத ஓய்வும்

புண்ணைக் காற்றாட விட்டால்தான் ஆறும் என்று இன்றும் நம்புகிறோம். ஈரம் காக்கப்படும் புண்ணில் புதுத்தோல் விரைவாக வளர்வதை ஜார்ஜ் விண்டர் 1962இலேயே பன்றிகளிடம் செய்த ஆய்வில் காட்டினார். உலர்ந்த காஸ் துணி புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது இளந்திசுவும் பிய்ந்துவிடும். நீர் அதிகம் கசியும் புண்ணுக்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட்டும், வறண்ட புண்ணுக்கு ஹைட்ரோஜெல்லும் பொருந்தும். சீழோ காய்ச்சலோ கண்டால் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆயினும் கட்டு பாதி மருத்துவமே. தொழுநோயால் மரத்த பாதங்களில் வலி தெரியாமல், புண்ணின் மீதே நடப்பதுதான் அதை ஆறவிடுவதில்லை என்பதை வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட் வலியுறுத்தினார். அழுத்தத்தைப் பரப்பும் மாவுக்கட்டு அங்கே பயன்பட்டது. நீரிழிவால் மரத்த பாதத்திற்கும் இதுவே பொருந்தும்.

புதுச்சேரியின் வாய்க்கால்களைத் தூர்வாரும் தொழிலாளிக்குக் கோரிமேட்டு ஜிப்மரில் நல்ல கட்டே போட்டாலும், மறுநாள் அந்தக் கால் சாக்கடைநீரில்தான் நிற்கிறது. தலைமுறைகளாக இந்த வேலை தலித் மக்கள் மீதே சுமத்தப்பட்டுள்ளது. பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்க் குழிகளில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, புண் ஆறும்வரை ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். மருந்துச் சீட்டில் எழுத முடியாத இந்த மருந்தை ஒப்பந்ததாரரிடமும் நகராட்சியிடமுமே நாம் கேட்டாக வேண்டும்.