ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் கியர் எண்ணெயும்
1959இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, பின்னர் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் உருவான ட்ரையம்ஃப் ஹெரால்ட் காரின் சஸ்பென்ஷனில், அதாவது சாலையின் அதிர்ச்சியை ஏற்கும் தாங்கமைப்பில், மிகுந்த கவனம் கோரும் உறுப்பு ட்ரன்னியன் எனும் முன்சக்கர மூட்டாகும். வெண்கலத்தாலான இதன் மரைக்குள், சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை பொருந்தி, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுழல்வதால், இங்கே இட வேண்டியது கிரீஸ் அன்று, கியர் எண்ணெயே. கிரீஸ் நாளடைவில் இறுகி மரையின் வழியை அடைத்துவிட, உள்ளே புகும் நீரால் எஃகு துருப்பிடித்து, தண்டு முறிந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கக்கூடும்; உயிரோடு தொடர்புடைய இதை எந்தப் பட்டறையின் பழக்கத்துக்கும் விட்டுவிடலாகாது.

இன்று எளிதில் கிடைக்கும் 80டபிள்யூ-90 கியர் எண்ணெய் இதற்குப் பொருந்துமாயினும், ஜிஎல்-5 வகைகள் சிலவற்றில் மிகுதியாக உள்ள கந்தகச் சேர்மங்கள் வெண்கலத்தை அரிக்கக்கூடும் என்பதால், உரிமையாளர்கள் ஜிஎல்-4 தரத்தையே கேட்டு வாங்குக.