மலைச்சாலையில் சைக்கிள் பந்தயம்

தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் விடியற்காலையில் நிற்பவர்களுக்குச் சைக்கிள் என்பது விளையாட்டுச் சாதனமன்று. இட்டிலிப் பாத்திரத்தைப் பின்னே கட்டி, சட்டினி, சாம்பார்த் தூக்குகளைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, நகரத்தின் நாலா திசைகளிலும் நம்மவர் பலர் தொழிலுக்குப் புறப்படும் வாகனம் அது. அதே இரண்டு சக்கரங்களைக் கொண்டு, மலைகளின் ஊடே பல நாட்கள் தொடர்ந்து நடத்தப்பெறும் பந்தயங்கள் உண்டு. அவற்றின் பாதை எவ்வாறு வகுக்கப்படுகிறது, அந்தப் பாதை வெற்றி தோல்வியை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இதற்கு உதாரணம் தேடி ஆல்ப்ஸ் மலை வரை செல்ல வேண்டுவதில்லை. சயானிலிருந்து செம்பூர், மான்கூர்த், வாஷிப் பாலம், பன்வேல் வழியாகப் போனால், எழுபது கிலோமீட்டருக்குள் கோப்போலி வந்துவிடும். அங்கே தொடங்குகிறது போர்காட் என்னும் மலைப்பாதை. மும்பை–புனே சைக்கிள் பந்தயத்தைக் கேள்வியுற்றவர்கள் இப்பெயரை அறிவார்கள். அப்பந்தயத்தில் இம்மலையின் உச்சியை முதலில் எட்டுபவருக்கு ‘காட்டாச்சா ராஜா’, அதாவது மலைப்பாதையின் மன்னர், என்று பட்டமே உண்டு.

முதலில் பல நாள் பந்தயத்தின் முறையை அறிந்துகொள்வோம். 1903-இல் தொடங்கிய பிரெஞ்சு தேசத்துப் பெரும் பந்தயமான டூர் டி பிரான்ஸே இதற்கு வழிகாட்டி. பாதை முழுவதையும் ‘ஸ்டேஜ்’ என்னும் பகுதிகளாகப் பிரித்து, பொதுவாக நாளைக்கு ஒன்றாக ஓட்டுவார்கள். இச்சொல்லை மொழிபெயர்க்கும்போது ‘மேடை’ என்று கை எழுத ஓடுகிறது. ‘கட்டம்’ என்றாலோ கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. ஒரு நாளில் கடக்கும் வழிக்கு மராத்தியில் ‘மஜல்’ என்று அழகிய சொல் இருக்கிறது. நாம் ‘நாள்வழி’ என்று கொள்வோம். ஒவ்வொரு நாள்வழியிலும் வீரர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மொத்த நேரம் எவருக்குக் குறைவோ அவரே பந்தயத்தில் வென்றவராவார். ஒரு நாள்வழியில்கூட முதலாக வராத ஒருவர் முழுப் பந்தயத்தையும் வெல்லக்கூடும் என்பது இம்முறையின் விசித்திரம். 1989-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸில் 3,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பின், அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், பிரெஞ்சு வீரர் லோராங் ஃபின்யோனை வெறும் எட்டு விநாடியில் வென்றார்.

அப்படியானால் மலை எதற்கு? சமதரையில் வீரர்கள் திரளாகச் செல்வார்கள். முன்செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவருக்குப் பின்னே ஒட்டிச் செல்பவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. ஆகவே எவ்வளவு வல்லவராயினும் திரளைவிட்டு எளிதில் பிரிந்து ஓட முடியாது. ஏற்றத்திலோ வேகம் குறைந்துவிடுவதால் காற்றின் எதிர்ப்பும் குறைகிறது. பிறர் முதுகுக்குப் பின்னே ஒளிவதில் அவ்வளவு லாபமில்லை. அங்கே ஒருவர் வெல்ல வேண்டிய எதிரி பூமியின் ஈர்ப்புச் சக்தி. இதனை உணர்ந்தே 1910-இல் டூர் டி பிரான்ஸைப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களுக்குள் கொண்டுசென்றார்கள். 1933 முதல் மலையேற்றத்திற்கெனத் தனிப் பரிசும் ஏற்பட்டது.

போர்காட்டை இக்கண்ணோடு பார்ப்போம். கோப்போலி கடல்மட்டத்திற்குச் சற்றே மேலே உள்ள ஊர். கண்டாலா சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வீரர் தம் உடலையும் வண்டியையும் ஏறக்குறைய 500 மீட்டர் உயர்த்தியாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானங்கள் ஏழெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் ஏறுவதற்கு ஒப்பாகும் இது. சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதிப்படி பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. அந்த எல்லையை ஒட்டியே வண்டிகளைச் செய்கிறார்கள். இட்டிலி வியாபாரியின் வண்டி, பாத்திரம் கட்டுவதற்கு முன்பே அதைப்போல் இரு மடங்குக்கு மேல் கனக்கும்.

சக்கர வண்டிகள் செல்லத்தக்க சாலை இங்கே 1830-இல் சர் ஜான் மால்கம் பம்பாய்க் கவர்னராக இருந்தபோது திறக்கப்பட்டது. ரெயில் பாதை 1863-இல் வந்தது. மலைக்கு வழி காட்டியவன் ஷிங்ரோபா என்னும் ஆட்டிடையன் என்பது கர்ணபரம்பரைக் கதை. சாலையோரம் அவனுக்குக் கோயில் இருக்கிறது. வண்டியோட்டிகள் அங்கே வணங்கிச் செல்வது வழக்கம். பக்கத்துச் சரிவில் ஏறும் ரெயிலைப் பின்னிருந்து தள்ளுவதற்கென்றே கர்ஜத்தில் எஞ்சின்களைச் சேர்ப்பார்கள். மலை ஏறியதும் கழற்றிவிடுவார்கள். பந்தயத்திலும் இதற்கு நிகரான ஏற்பாடு உண்டு. ஒரு குழுவின் துணைவீரர்கள் ஒருவர்பின் ஒருவராக முன்சென்று, முறையான வேகத்தில் தலைவீரரை மலைமேல் அழைத்துச் செல்கிறார்கள். தம் பலம் தீர்ந்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள். பெயர் பத்திரிகையில் வருவது தலைவீரருக்குத்தான். இது நமக்குச் சற்று அநீதியாகவே தோன்றுகிறது. ஆயினும் தொழில்முறைப் பந்தயம் இப்படித்தான் நடைபெறுகிறது.

பாதை வகுப்பவரின் உண்மையான சாமர்த்தியம், மலையை எந்த இடத்தில் வைப்பது என்பதில் இருக்கிறது. மும்பை–புனே வழியில் மலை ஏறத்தாழ நடுவில் வருகிறது. லோணாவளாவைத் தாண்டிய பின்னும் காம்ஷேத், தளேகாவ் வழியே புனேக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் சமமான சாலை. மலையில் இரண்டு நிமிஷம் முந்திய தனி வீரரைத் திரண்டு வரும் இருபது பேர் இத்தொலைவில் பிடித்துவிடலாம். மலையின் மன்னருக்கும் புனேயில் வெற்றி காண்பவருக்கும் வெவ்வேறு பரிசு இருப்பதன் நியாயம் இதுவே. அதே போர்காட்டின் உச்சியில் முடிவுக்கோட்டை வரைந்தாலோ, மலையேறுபவரே வெல்வார். ஆல்ப்ஸில் ஆல்ப் துவேஸ் என்னும் ஏற்றம் புகழடைந்த காரணம், 21 கொண்டை ஊசி வளைவுகளோடு சுமார் 14 கிலோமீட்டர் ஏறி முடியும் இடத்திலேயே நாள்வழியும் முடிவதுதான். வளைவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்ஹட்டிச் சாலைக்கு 36, கொல்லிமலைச் சாலைக்கு 70.

சஹ்யாத்ரி மலைப்பகுதிக்கு இத்தகைய பல நாள் பந்தயம் 2026 ஜனவரியில் வந்தது. புனே கிராண்ட் டூர் என்னும் பெயரில், 19 முதல் 23-ஆம் தேதி வரை, ஒரு சிறிய முன்னோட்டமும் நான்கு நாள்வழிகளுமாக 437 கிலோமீட்டர் ஓட்டினார்கள். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் 2.2 என்னும் தரத்தில் இந்தியாவில் நடைபெறும் முதற் பந்தயம் என்று அது அறிவிக்கப்பட்டது. முல்ஷி, மாவல் வட்டாரங்களின் மலைச்சாலைகளும் அதில் இடம்பெற்றன.

ஏற்றத்தை இவ்வளவு பேசினோம். உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான். மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடிக்கும் சரிவில், சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது விரல் அகலமுள்ள இரண்டு ரப்பர்ப் பட்டைகளே. 1995-இல் இத்தாலிய வீரர் ஃபாபியோ காஸர்டெல்லி பிரனீஸ் மலைச்சரிவில் விழுந்து மாண்டார். 2003-இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்த கஸாக் வீரர் ஆந்திரே கிவிலெவ் மாண்ட பின்னரே தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அப்படியிருந்தும் 2023-இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஆல்புலா கணவாயிலிருந்து இறங்குகையில் ஜீனோ மாதர் சரிவில் வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தார். ஆதலின் பாதை வகுப்பவர் முன்னரே சென்று ஒவ்வொரு வளைவையும் பார்க்கிறார். குழிகளை மூடச் செய்கிறார், கைப்பிடிச் சுவர்களுக்கு மெத்தை கட்டச் செய்கிறார். பந்தய நேரத்தில் சாலை மற்ற வாகனங்களுக்கு மூடப்படுகிறது. சாதாரண நாளில் போர்காட் வழியே செல்லும் சைக்கிள்காரருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. 2002-இல் முழுமையடைந்த விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. லாரிகளோடு பழைய சாலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவரே அவர். மழைக்காலத்து மூடுபனியில் அவ்வழி செல்லாதிருப்பது நலம்.

பந்தயத்தைப் பார்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு யோசனை. முடிவுக்கோட்டில் நின்றால் திரள் கண்சிமிட்டும் நேரத்தில் பறந்துவிடும். ஏற்றத்தின் மேற்பகுதியில் நின்றால் ஒவ்வொருவர் முகத்தையும் காணலாம். இறக்கமான சாலையில் வளைவின் வெளிப்புறம் நிற்கலாகாது. வழுக்கும் வண்டி அங்கேதான் வந்து சேரும். 2021-இல் பிரான்ஸில் ஒரு பார்வையாளர் அட்டை ஒன்றைச் சாலைக்குள் நீட்டியதால் பல வீரர்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தனர். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள், சாலை ஓரத்துக் கோட்டிற்கு இரண்டு அடி பின்னே அவர்களைக் கைப்பிடித்து நிறுத்திக்கொள்வார்களாக.