மிருதங்கம் ஒலிக்கையில் பாட்டைக் கேட்பது எவ்வாறு?

நாம் வாழும் பிரித்தானியாவில், வார இறுதியில் தமிழ் கற்க வரும் பிள்ளைகளுள் கணிசமானோர் மிருதங்கமோ தபேலாவோ கற்று வருகின்றனர். ஆங்கிலப் பாடசாலையில் டிரம்ஸ் பழகுவோரும் உளர். இவர்கள் யாவருக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. ஆசிரியர் வாரத்தில் ஒரு மணி நேரமே கிடைப்பார். வீட்டில் உடனிருந்து பாடப் பாடகர் இல்லை. ஆகவே, ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாட்டு ஒன்றை ஒலிக்கவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்துப் பழகுகின்றனர். முன்னர் இதற்குக் கசெற் உதவியது. பின்னர் இறுவட்டு வந்தது. இன்று கைத்தொலைபேசி உதவுகிறது. சாதனம் மாறினும் சிக்கல் மாறவில்லை. வாசிக்கத் தொடங்கியதும் பாட்டுக் கேட்பதில்லை. பிள்ளை பாட்டின் ஒலியைக் கூட்டுகிறது. பாட்டு உரத்து ஒலிக்க, அடியும் உரத்து விழுகிறது. மீண்டும் ஒலியைக் கூட்டுகிறது. அடுத்த அறையிலிருந்து தாயாரின் குரல் எழுகிறது. பொதுச் சுவருக்கு அப்பால் அயலவர் தட்டும் ஓசையும் சில வேளை எழுவதுண்டு.

இப்போட்டியில் பாட்டு வெல்வது அரிது. ஏன் அரிது என்பதையும், பாட்டின் ஒலியைக் கூட்டாமலே அதனைக் கேட்கும் வழிகளையும் இங்கு விளக்க விழைகின்றோம்.

முதற் காரணம் தூரம். வாசிப்பவரின் காதுக்கும் வலந்தலைக்கும் இடையே முக்கால் மீற்றர் அளவே தூரம். ஒலிபெருக்கியோ பெரும்பாலும் அறையின் மறுபுறத்தில், மூன்று மீற்றருக்கு அப்பால் இருக்கும். திறந்த வெளியில், தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். முக்கால் மீற்றரிலிருந்து மூன்று மீற்றர் வரை செல்லும்போது தூரம் இருமுறை இரட்டிக்கிறது. ஆகவே 12 டெசிபல் இழப்பு. அறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் வீட்டினுள் இழப்புச் சற்றுக் குறையும். ஆயினும் வாத்தியத்திற்கே முந்துரிமை.

இரண்டாவது காரணம் காதின் அமைப்பிலேயே உள்ளது. உட்செவியில் நத்தை ஓடு போற் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் நீண்டு செல்லும் மென்படலத்தின் வாயிற்புறம் உச்சமான சுரங்களுக்கும், உள்முனை தாழ்ந்த சுரங்களுக்கும் அசைந்து கொடுக்கும். இதனை ஆராய்ந்து விளக்கிய கேயோர்க் பொன் பேக்கேசி என்னும் ஹங்கேரிய அறிஞர் 1961 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இடந்தலையின் கும்கார ஒலி உள்முனையை அடைய வேண்டுமாயின், வாயிற்புறத்தைக் கடந்தே செல்ல வேண்டும். செல்லும் வழியில், பாடகரின் குரலுக்குரிய பகுதிகளையும் அது குலுக்கிவிடுகிறது. உச்ச சுரமோ வாயிற்புறத்திலேயே அடங்கிவிடுவதால், தாழ்ந்த சுரத்துக்கு அத்துணை இடையூறு செய்வதில்லை. தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை எளிதில் மூடும். உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வாறு மூடாது. தாழ்ந்த ஒலி மிகுந்த தோற்கருவிகளுக்கு நடுவே மெல்லிய குரலும் வீணையும் மறைந்துபோவதற்கு இதுவே முக்கிய காரணமாகும்.

மூன்றாவது, நேரம். உரத்த அடி ஒன்று விழுந்தபின், காது தன் கூர்மையை முழுமையாக மீளப் பெற ஒரு செக்கனில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை செல்லும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை செல்லும் காலப்பிரமாணத்தில், ஓர் எண்ணிக்கைக்கு நான்கு சொற்கள் வாசித்தால், இரு அடிகளுக்கு இடையே உள்ள நேரம் ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்கே. காது தெளியுமுன் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. விளம்ப காலத்தில் பாட்டை நன்கு கேட்டு வாசித்த மாணவன், கோர்வை தொடங்கியதும் பாடகரைத் தவறவிடுவது கவனக்குறைவால் மட்டும் அன்று.

இனி, ஒலியைக் கூட்டிக்கொண்டே சென்றால் நேர்வது என்ன? சிறு கணக்கொன்று பார்ப்போம். காதில் விழும் மிருதங்க ஒலி 91 டெசிபல் என்று கொள்வோம். பாட்டும் அதற்குச் சமமாக வேண்டும் என்று 91 ஆக உயர்த்துகிறோம். இரண்டும் சேர்ந்தால் 182 ஆகாது. ஒலியின் ஆற்றல் இருமடங்காவது 3 டெசிபல் உயர்வாகும். ஆகவே மொத்தம் 94. மூன்று தானே என்று எண்ணலாகாது. தொழிலிடப் பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட கணக்கின்படி 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 91 இற்கு 2 மணி நேரம். 94 இற்கு ஒரு மணி நேரம். 100 இற்குக் கால் மணி நேரம். மேலைநாட்டு டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் 100 ஐத் தாண்டுவது வழமை. இக்கணக்கும் வளர்ந்த தொழிலாளரை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலில், சிறுவர் கருவிகள் வழியாக இசை கேட்பதற்கு 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்ற அளவு குறிக்கப்பட்டுள்ளது.

உட்செவியின் மயிர்க்கலங்கள் ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மட்டுமே. இறந்தவை மீண்டும் முளைப்பதில்லை. பயிற்சி முடிந்தபின் காதில் கீச்சென்ற ஓசையோ, பஞ்சடைத்தாற் போன்ற மந்தமோ இருக்குமாயின், அன்றைய ஒலி அளவு மீறியது என்பதற்கு அதுவே அடையாளம். பெற்றோர் இதனைப் பிள்ளைகளிடம் கேட்டறிதல் வேண்டும். பிள்ளைகள் தாமாகச் சொல்வது அரிது.

வழி யாது? பாட்டை உயர்த்துவதை விடுத்து, காதில் விழும் வாத்திய ஒலியைத் தாழ்த்த வேண்டும். இதற்கு உதவுவது, காதை முழுவதும் மூடி, வெளியொலியைத் தடுக்கும் ஹெட்போன். வீதி உடைக்கும் தொழிலாளர் அணியும் காதுமூடியினுள் சிறு ஒலிபெருக்கிகளை வைத்தாற் போன்று, டிரம்ஸ் கலைஞருக்கென்றே செய்யப்படுபவையும் உள. நன்கு பொருந்தும் ஒன்று 20 டெசிபல் தடுக்கிறது என்று கொண்டால், மேற்கூறிய 91, காதினுள் 71 ஆகிவிடும். பாட்டை 74 இல் வைத்தாலே அது மேலோங்கிக் கேட்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 76. முன்னைய 94 உடன் ஒப்பிட்டால், காதை அடையும் ஆற்றல் அறுபதில் ஒரு பங்களவே.

எல்லா ஹெட்போனும் இப்பணியைச் செய்யா. வெளிப்புறம் துளைகள் கொண்ட திறந்த வகை, வாத்திய ஒலியைத் தடையின்றி உள்ளே விடும். காதின் வாயிலில் தளர்வாகத் தொங்கும் சிறு வகையும் அவ்வாறே. அணிந்த பிள்ளை தவிர்க்க முடியாமல் ஒலியைக் கூட்டும். இரைச்சலை எதிரொலியால் அழிக்கும் மின்னணு வகையைப் பலர் விரும்பி வாங்குகின்றனர். விமான இயந்திரம் போன்ற இடையறாத ஓசைக்கு அது சிறந்தது. திடீரென விழும் அடிக்கு அத்துணை உதவாது. கடையில் விலையைப் பார்க்குமுன், அதனை அணிந்துகொண்டு கைதட்டிப் பார்ப்பது நன்று. மூக்குக் கண்ணாடி அணியும் பிள்ளைக்கு, அதன் காம்பருகே இடைவெளி விழுந்து தடுப்புக் குறையும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இவ்வழக்கம் புதியதன்று. 1971 இல் "தி ஹூ" என்னும் ஆங்கில இசைக்குழு, முன்னரே நாடாவிற் பதிந்த மின்னிசையோடு மேடையில் சேர்ந்திசைக்கத் தொடங்கியது. நாடா எவருக்காகவும் காத்திராது. ஆகவே அதனைத் தெளிவாகக் கேட்க, டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் ஹெட்போன் அணிந்து வாசித்தார். அவர் கைவீச்சுக்கு அது கழன்று விழாதிருக்க, ஒட்டுநாடாவால் தலையோடு சுற்றி ஒட்டியிருந்த காட்சியை 1979 இல் வெளிவந்த அக்குழு பற்றிய திரைப்படத்தில் காணலாம். அதே குழுவின் கிற்றார் கலைஞர் பீற் டவுன்சென்ட், ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹெட்போனை உரத்து வைத்துக் கேட்டமையே தம் செவித்திறன் குன்றக் காரணம் என 2006 இல் வெளிப்படையாக எழுதினார். ஹெட்போன் என்னும் ஒரே கருவி காதைக் காக்கவும் கெடுக்கவும் வல்லது. எல்லாம் ஒலியளவைப் பொறுத்தது.

மிருதங்கம் கற்போருக்கு இதில் வேறொரு குறை உண்டு. காதை மூடியபின் தன் வாத்தியத்தின் நாதம் தனக்கே சரியாகக் கேளாது. சாப்பு நன்கு விழுந்ததா, மீட்டில் சுருதி நின்றதா என்பது தெரியாமற் போகும். கேளாத காரணத்தால் வலிந்து அடிக்கும் பழக்கமும் ஏற்படலாம். ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வோர் உளர். திறந்த காது முழு ஒலியையும் ஏற்பதால், நாம் இதனைப் பரிந்துரைக்கோம். ஒலிவாங்கி ஒன்றை வாத்தியத்தருகே வைத்து, சிறு மிக்சர் கருவி வழியாகப் பாட்டையும் வாத்தியத்தையும் ஹெட்போனில் சேர்த்துத் தருவது முறையான தீர்வு. அது செலவுள்ளது. எளிய தீர்வு, பயிற்சியை இரண்டாகப் பிரிப்பது. காலப்பிரமாணமும் எடுப்பும் பழகும் நாளில் ஹெட்போன். நாதம் பழகும் நாளில் தம்பூரா ஒலி மட்டும் போதும், பாட்டே வேண்டியதில்லை.

புளூடூத் வழியாகக் கேட்டால் ஒலி தாமதமாகும், தாளம் பிசகும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். தாமதம் உண்மையே, ஒரு செக்கனில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை இருக்கலாம். ஆயினும் பாட்டு முழுவதும் ஒரே அளவு தாமதமாகவே வருகிறது. பிள்ளையும் தான் கேட்கும் பாட்டோடுதான் வாசிக்கிறது. ஆகவே தோல் வாத்தியத்திற்கு இதனால் தீங்கில்லை. மின்னணு டிரம்ஸ் வாசிப்போர் நிலை வேறு. அவர்களுடைய அடியின் ஓசையே தாமதித்து வருமாதலால், அவர்களுக்குக் கம்பி இணைப்பு இன்றியமையாதது.

ஹெட்போன் இல்லையாயின், ஒலிபெருக்கியின் இடத்தை மாற்றலாம். அறை மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகிக் குழம்பும். வாசிப்பவருக்கு ஒரு மீற்றர் முன்னே, காதின் மட்டத்தில் வைத்துத் தாழ்சுர ஒலியைக் குறைத்துவிட்டால், அதே அளவில் குரல் தெளிவாகும்.

பதிவைத் தேர்வதும் முக்கியம். முழுக் கச்சேரிப் பதிவில் வேறொரு வித்துவானின் மிருதங்கம் ஏற்கெனவே ஒலிப்பதால், மாணவனின் அடியும் அதுவும் கலந்துவிடும். வீணை, வயலின் பாடப் பதிவுகள் போன்று மிருதங்கம் இல்லாதவை மேலானவை. பதிவின் சுருதியும் வாத்தியத்தின் சுருதியும் ஒத்திருத்தல் வேண்டும். பழைய கசெற் நாட்களில் நாடாவின் வேகம் 6 வீதம் கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். இன்றைய செயலிகளில் சுருதியையும் வேகத்தையும் தனித்தனியே மாற்றலாம். இது அக்காலத்தில் இல்லாத பெரும் வசதி.

வாத்தியத்தைத் தொடுமுன், பாட்டை ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கையால் தாளமிட்டுச் சொற்கட்டை வாயாற் சொல்லிப் பழகுதல் நன்று. அவ்வேளை பாட்டை மறைக்க எதுவும் இல்லை. எடுப்பு எங்கே, சங்கதி எங்கே முடிகிறது என்பது மனத்தில் பதிந்தபின், வாசிக்கும்போது பாட்டின் பாதி கேட்டாலும் போதுமாகும். பின்னர் ஹெட்போனை அணிந்து, மெல்ல வாசித்துக்கொண்டே, பாட்டைக் குறைந்த அளவிலிருந்து சிறிது சிறிதாக உயர்த்தி, சாகித்தியம் புரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். தொலைபேசி காட்டும் அந்த அளவைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்த நாள் தேட வேண்டியதில்லை.