ஆடி மாதமும் வீரர் தினமும்

நம் நாட்டில் ஆண்டுதோறும் ஜூலை 31-ஆம் நாள் வீரர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. 1948-இல் தொடங்கிய அவசரகாலம், 1960-ஆம் ஆண்டு அந்நாளில்தான் முடிவுக்கு வந்தது. நமக்கோ அது ஆடி மாதம். முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் ஆடி அமாவாசை வரும் மாதம்.

ஆசிரியப் பணியில் இருந்தபோது, மாணவர்களைக் கோலாலம்பூர் தேசிய நினைவுச் சின்னத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். பெலிக்ஸ் டி வெல்டன் வடித்த, 15.54 மீட்டர் உயரமுள்ள அவ்வெண்கலச் சிலை 1966 பிப்ரவரி 8-இல் திறந்து வைக்கப்பட்டது. அங்குள்ள நினைவுத்தூண், இரண்டு உலகப் போர்களிலும் அவசரகாலத்திலும் மாண்டோருக்கு உரியது. அதை நிமிர்ந்து பார்த்த ஒரு மாணவன், "ஐயா, கல்யாணம் ஆகாமலே செத்துப்போனவங்களுக்கு யாரு திதி கொடுப்பாங்க?" என்று கேட்டான். விடை சொல்லத் தெரியாமல் நின்றேன்.

விடை நம் சடங்கிலேயே இருக்கிறது. தர்ப்பணத்தின் முடிவில், தாய், தந்தை, சுற்றத்தார் என எவருமே இல்லாதவர்களுக்கும் சேர்த்து நீர் வார்க்கப்படுகிறது. பெயர் தெரியாதவருக்கும் அதில் பங்குண்டு.

மலர்வளையம் வைப்பது வெள்ளைக்காரர் வழக்கம் என்று சிலர் ஒதுங்குவர். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டி வழிபட்ட மரபு நம்முடையது. கல்லைத் தேர்வது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது.

ஆயுதம் ஏந்தாமலே போருக்குப் பலியானோரும் உண்டு. ஜப்பானியர் காலத்தில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் தனித்தனிக் கல்லறைகள் உண்டு. நம்மவரில் பெரும்பாலோர்க்கு அடையாளமே இல்லை. 2023-இல்தான் அவ்வூர்ப் புத்த ஆலய வளாகத்தில் அவர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது.

ஆகவே, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டார அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலை 31 அன்று மாலை இல்லத்தில் ஓர் அகல் ஏற்றுங்கள். பிள்ளைகளை ஒருமுறையேனும் நினைவுச் சின்னத்திற்கு அழைத்துச் சென்று, இன்னார் எதற்காக மாண்டனர் என்று எடுத்துரையுங்கள். ஆடி அமாவாசையன்று நீர் வார்க்கையில், இனம், சமயம் பாராது, நாட்டுக்காக உயிர் துறந்த அனைவரையும் மனத்தில் நினையுங்கள்.

அவர்கள் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.