பொன் இருக்கை முதல் வாக்குப் பெட்டி வரை

அரசிருக்கை பெரிதா? அதில் அமர்பவர் பெரியவரா? மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டின் வரலாறு இவ்வினாவிற்கு விடை காண முயன்ற வரலாறே எனலாம்.

முடியாட்சிக் காலம்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒசெய் டூட்டு என்னும் மன்னர், சிதறிக் கிடந்த அசாந்திச் சிற்றரசுகளை ஒன்றிணைத்தார். குமாசி தலைநகராயிற்று. அவ்வொற்றுமையின் சின்னமாக விளங்கியது பொன் இருக்கை. மக்கள் அனைவரின் ஆன்மாவும் அதில் உறைவதாக நம்பினர். ஆதலின் மன்னரும் அதில் அமர்வதில்லை. அரசமாதா முன்மொழிய, மூத்தோர் ஏற்றுக்கொண்டவரே தலைவரானார். ஏற்ற உறுதிமொழியை மீறியவரைப் பதவியிலிருந்து இறக்கவும் முறை இருந்தது. அடிமை வணிகத்திலும் பங்கு கொண்ட அவ்வரசைக் குறையற்றதெனப் போற்றுதல் பொருந்தாது. எனினும், ஆள்பவரைக் கேள்வி கேட்கும் மரபு அம்மண்ணில் இருந்தது என்பது நோக்கத்தக்கது.

அயலார் ஆட்சி

கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த பாந்தி மக்கள் 1871இல் மான்கெசிம் நகரில் கூடித் தமக்கென ஓர் அரசியல் சட்டம் வகுத்தனர். ஆங்கிலேயரோ அதன் தலைவர்களைச் சிறைப்படுத்தினர். 1874இல் அப்பகுதி ‘கோல்டு கோஸ்ட்’ என்னும் குடியேற்ற நாடாயிற்று. 1896இல் அசாந்தி மன்னர் பிரெம்பே சிறைபிடிக்கப்பட்டார். 1900இல் ஆளுநர் ஹாட்சன் குமாசிக்கு வந்து, தாம் அமர்வதற்குப் பொன் இருக்கையைக் கொணருமாறு கேட்டார். எஜிசு நகரின் அரசமாதா யா அசந்தேவா போர்க்கொடி உயர்த்தினார். போரில் தோற்று, செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆயினும் பொன் இருக்கை ஆளுநரின் கைக்கு எட்டவில்லை. அதன்பின் மக்களுக்குக் கடமைப்பட்டிருந்த தலைவர்கள் ஆளுநரின் ஏற்பையும் நாட வேண்டியவராயினர்.

விடுதலையும் வீழ்ச்சியும்

1951ஆம் ஆண்டுத் தேர்தலில் சிறையிலிருந்தபடியே வென்றவர் குவாமே நிக்ரூமா. 1957 மார்ச் 6 அன்று நாடு விடுதலை பெற்றது. ஆனால், மறு ஆண்டே விசாரணையின்றிச் சிறை வைக்கும் சட்டம் வந்தது. 1964இல் ஒரு கட்சி ஆட்சி நிறுவப்பட்டது. விடுதலைக்கு உழைத்த அறிஞர் தான்குவா 1965இல் சிறையிலேயே உயிர் நீத்தார். ஆள்பவரை அமைதியாக இறக்கும் வழி அடைபட்டபோது துப்பாக்கி வழி திறந்தது. 1966, 1972, 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் ஆட்சிக் கவிழ்ப்புகள் நிகழ்ந்தன.

மக்களாட்சி மலர்ச்சி

1992ஆம் ஆண்டின் அரசியல் சட்டம், குடியரசுத் தலைவர் ஒருவர் நான்காண்டு வீதம் இருமுறைக்கு மேல் பதவி வகிக்கலாகாது என வரையறுத்தது. படைபலத்தால் ஆட்சியைப் பிடித்த ராலிங்ஸ், பின்னர்த் தேர்தலில் இருமுறை வென்று, 2001 சனவரியில் எதிர்க்கட்சித் தலைவர் குஃபோரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 2008ஆம் ஆண்டின் இறுதிச் சுற்றில் வெற்றி வேறுபாடு ஏறத்தாழ 40,000 வாக்குகளே. அப்போதும் ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 2012ஆம் ஆண்டுத் தேர்தல் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. தோற்றவர் தீர்ப்புக்குத் தலைவணங்கினார். 2016இலும் 2024இலும் ஆளுங்கட்சி தோற்று விலகியது.

மாணவச் செல்வங்களே! வெல்லக் கற்பது எளிது. விலகக் கற்பதே அரிது. தலைவர்கள் வருவர், போவர், இருக்கை மக்களுடையது. அமர்ந்தவர் இதனை மறந்தபோதெல்லாம் கானா துன்புற்றது, உணர்ந்தபோது உயர்ந்தது. நாட்டுக்கு மட்டுமன்று, நாம் நடத்தும் ஒவ்வோர் அமைப்புக்கும் இப்பாடம் பொருந்தும்.